தொடுவானம் எத்தனை மைல்?

ரூஜ் ஆறு ஒன்ராறியோ வாவியில் கலக்கும் மணற்கரைக்குக் கோடைகாலத்தில் எமது குடும்பங்கள் பல செல்வதுண்டு. அங்கே நிற்கும்போது ஊரிலிருந்து வந்துசேர்ந்த முதியவர் எவரேனும் ஒருவர், "இது வாவி என்கிறீர்கள், அப்படியாயின் அக்கரை ஏன் தெரியவில்லை?" என்று கேட்பார். கேள்வி நியாயமானது. மட்டக்களப்பு வாவியையும் யாழ்ப்பாணக் கடல் நீரேரியையும் அறிந்தவர்களுக்கு, வாவி என்றால் அக்கரையில் மரமும் வீடும் தெரியவேண்டும். இங்கோ கடலைப் போலவே நீரும் வானும் ஒட்டிக்கொள்ளும் ஒரு கோடு மட்டுமே தெரிகின்றது.

வெயில் மங்கலோ மூடுபனியோ இதற்குக் காரணமன்று. ரூஜ் கழிமுகத்துக்கு நேர் தெற்கே அக்கரை ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது. நீரோரத்தில் நிற்கும் ஒருவருக்குத் தெரியும் நீர்ப்பரப்போ ஐந்து கிலோமீற்றருக்குள் முடிந்துவிடுகின்றது. அதற்கு அப்பாலுள்ள நீரைப் பூமியின் வளைவு மறைத்துக்கொள்கின்றது. இத்தூரத்தைக் கணிக்கும் முறை என்ன, அதை மனிதர் எவ்வாறு பயன்படுத்தினர், எமது மக்களின் கடற்பயணங்களில் அது எங்கெங்கே குறுக்கிட்டது என்பவற்றை இங்கு நோக்குவோம்.

கணக்கும் அதன் காரணமும்

பாடசாலையில் பைதகரசின் தேற்றம் படித்த எவருக்கும் இக்கணக்கு விளங்கும். பூமியை ஒரு பந்தாகக் கொள்வோம். அதன்மேல் நிற்பவரின் கண்ணிலிருந்து புறப்படும் பார்வைக்கோடு, கடற்பரப்பை ஓரிடத்தில் மட்டும் தொட்டுச் செல்கின்றது. கணிதத்தில் இதனைத் தொடலி என்பர். தொடும் அந்த இடமே தொடுவானம். பூமியின் மையத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கோடும், மையத்திலிருந்து கண்ணுக்கு ஒரு கோடும் இழுத்தால் ஒரு செங்கோண முக்கோணி கிடைக்கும். பூமியின் ஆரை ஒரு பக்கம், தொடுவானத் தூரம் மறுபக்கம், ஆரையோடு கண்ணின் உயரத்தைக் கூட்டியது செம்பக்கம்.

பூமியின் ஆரை ஏறத்தாழ 6,371 கிலோமீற்றர். அதனோடு ஒப்பிடுகையில் மனிதனின் உயரமும் மாடத்தின் உயரமும் மிகச் சிறியவை. ஆகவே கணக்கு எளிமையாகின்றது. கண்ணின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆற் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீற்றரில் வரும். அடியும் மைலும் பழகியவர்களுக்கு இன்னும் எளிய முறை உண்டு. உயரத்தை அடியில் எடுத்து, அதனோடு அதன் அரைவாசியைக் கூட்டி, வர்க்கமூலம் காண்க. விடை மைலில் வரும்.

உதாரணமாக, கண் ஆறு அடி உயரத்தில் இருப்பின் ஆறும் மூன்றும் ஒன்பது, அதன் வர்க்கமூலம் மூன்று, ஆகவே தொடுவானம் மூன்று மைலில். உயரம் 24 அடியானால் ஆறு மைல், 54 அடியானால் ஒன்பது மைல், 96 அடியானால் 12 மைல், 150 அடியானால் 15 மைல். இவ்வெண்களை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பார்வையின் தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமாயின் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். மூன்று மடங்காக்க ஒன்பது மடங்கு உயரம் வேண்டும். முதலிற் பெறும் சிறு உயரமே பெரும் பயன் தரும். அதன்பின் ஒவ்வொரு மைலும் அதிக விலை கேட்கும்.

இனி ரூஜ் கரைக்கு வருவோம். வயதுவந்த ஒருவரின் கண் 1.6 மீற்றர் உயரத்தில் இருப்பின் தொடுவானம் 4.5 கிலோமீற்றர். அவர் கைப்பிடித்து நிற்கும் பிள்ளையின் கண் ஒரு மீற்றர் உயரத்தில் இருப்பின் 3.6 கிலோமீற்றர். ஒரே இடத்தில் நிற்கும் இருவரும் பார்ப்பது இரு வேறு கோடுகளை. கரையோரமாக மேற்கே சென்றால் ஸ்காபரோ புளவ்ஸ் என்னும் செங்குத்தான மண்மேடு உண்டு. அதன் மிக உயர்ந்த பகுதி ஏறத்தாழ 90 மீற்றர். அங்கிருந்து தொடுவானம் 34 கிலோமீற்றர். சி.என். கோபுரத்தின் 447 மீற்றர் உயரத்திலுள்ள மேல்மாடத்திலிருந்து பார்த்தால் 75 கிலோமீற்றர். அக்கரையைக் காண்பதற்கு அங்கே ஏறவேண்டியுள்ளது.

இதனை மறுபுறத்திலிருந்தும் சரிபார்க்கலாம். நயாகராவுக்குச் செல்பவர்கள் சற்று வடக்கே நயாகரா-ஒன்-த-லேக் ஊரின் நீரோரத்துக்குச் சென்று வடமேற்கே நோக்கினால், தெளிவான நாளில் ரொறன்ரோ நகரின் உயர்ந்த கட்டடங்கள் நீருக்குள் நிற்பனபோலத் தோன்றும். இடையே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். கணக்கின்படி சி.என். கோபுரத்தின் 553 மீற்றரில் அடிப்பகுதி 160 மீற்றர்வரை வளைவுக்குக் கீழே மறைந்திருக்கும். காற்றில் ஒளி வளைவதால் மறைவு இதனிலும் சற்றுக் குறையும். பூமி உருண்டை என்பதற்கு எமது பிள்ளைகளுக்கு இதைவிட எளிய சான்று காட்டத் தேவையில்லை.

காற்றின் விளையாட்டு

மேற்சொன்ன ஒளிவளைவு பற்றி ஒரு சொல் கூறவேண்டும். நிலமட்டத்துக் காற்று அடர்த்தி கூடியது, மேலே செல்லச் செல்ல அடர்த்தி குறையும். அதனூடாக வரும் ஒளி, பூமியின் வளைவைச் சிறிது பின்பற்றிக் கீழ்நோக்கி வளையும். இதன் பயனாகச் சாதாரண நாட்களில் தொடுவானம் கணக்கில் வருவதைவிட ஏழு அல்லது எட்டு வீதம் தொலைவுக்குச் செல்லும்.

நீர் மிகக் குளிர்ந்தும் மேலுள்ள காற்றுச் சூடாகவும் இருக்கும் நாட்களில் இவ்வளைவு பன்மடங்காகும். அப்போது மறைந்திருக்கும் கரை மேலெழுந்து தோன்றும். 1894 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், 56 மைல்களுக்கு அப்பாலுள்ள ரொறன்ரோ நகரை அமெரிக்காவின் பபலோ நகரத்து மக்கள் வானத்தில் கண்டனர் என்ற செய்தி அக்காலத்து அறிவியற் சஞ்சிகையில் வெளிவந்தது. கானல்நீரின் மற்றொரு வடிவமே இது. ஆகவே கணக்கு ஓர் அளவைத் தருகின்றது, காற்று அதனைக் கூட்டியோ குறைத்தோ காட்டுகின்றது என்று கொள்வதே சரி.

நாடிழந்த அறிஞர் ஒருவர்

தொடுவானத்தைக் கொண்டு பூமியையே அளக்கலாம் என்று கண்டவர் அல்பிரூனி. மத்திய ஆசியாவின் குவாரிசம் நாட்டிற் பிறந்தவர். 1017 இல் கஜினி முகமது அந்நாட்டைக் கைப்பற்றியபோது அல்பிரூனியும் ஏனைய அறிஞர்களோடு கஜினிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பிறந்த மண்ணை விட்டுப் பெயர்க்கப்பட்ட அவர், முகமதுவின் படையெடுப்புக்களின் வழியே இந்தியாவுக்கு வந்து, வடமொழி கற்று, இந்தியாவைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதினார்.

இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப்பில் நந்தனா என்ற கோட்டை இருக்கின்றது. அதனருகே மலையொன்று பரந்த சமவெளியை நோக்கி நிற்கின்றது. அல்பிரூனி முதலில் நிலத்தில் இரண்டு இடங்களிலிருந்து மலையுச்சியின் கோணத்தை அளந்து அதன் உயரத்தைக் கணித்தார். பின்னர் உச்சியில் ஏறி, தொடுவானம் கிடைமட்டத்துக்கு எவ்வளவு கீழே தெரிகின்றது என்று அளந்தார். அந்த இறக்கம் ஒரு பாகையிலும் குறைந்தது. உயரமும் இறக்கமும் தெரிந்தால் பூமியின் ஆரை கிடைத்துவிடும்.

நாம் ஆரையிலிருந்து தொடுவானத்தைக் காண்கின்றோம், அவர் தொடுவானத்திலிருந்து ஆரையைக் கண்டார். அவர் பெற்ற விடை இன்றைய அளவுக்கு அண்மையானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவர் பயன்படுத்திய முழத்தின் நீளம் எவ்வளவு என்பதில் மட்டும் அவர்களிடையே வேறுபாடு உண்டு. பாலைவனம் தாண்டி நடந்து அளக்கவேண்டிய ஒன்றை, ஒரு மலையும் ஒரு கருவியும் கொண்டு ஒருவர் அளந்தார் என்பதே இதன் சிறப்பு.

தஞ்சைக் கோயிலில் ஏறிய கருவி

எட்டு நூற்றாண்டுகளின் பின் தமிழ்நாட்டில் இதே வளைவோடு மல்லுக்கட்டியவர் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி. இந்தியப் பெரு முக்கோண அளவை என்று பின்னர் பெயர்பெற்ற பணியை அவர் 1802 இல் சென்னையில் தொடங்கினார். பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் நீளமான ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தனர். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஓர் இடத்தின் கோணத்தை அளந்தால் முக்கோணி அமையும். அவ்வாறு முக்கோணியின்மேல் முக்கோணியாக நாடு முழுவதையும் அளக்கலாம்.

இதற்கு ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் கண்ணுக்குத் தெரியவேண்டும். மலைகள் உள்ள இடத்தில் இடையூறில்லை. காவிரிப் படுகையிலோ மலை கிடையாது. ஆறடி உயரத்தில் கண் உள்ள இருவர் சமவெளியில் எதிரெதிரே நின்றால், இருவரின் மூன்று மைல்களையும் கூட்டி ஆறு மைல்வரைதான் ஒருவர் கண்ணை மற்றவர் பார்வை எட்டும், தென்னந்தோப்பு இடையில் நின்றால் அதுவும் இல்லை. ஆகவே லாம்டன் கோயிற் கோபுரங்களை நாடினார். 60 மீற்றருக்கு மேற்பட்ட தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் உச்சியிலிருந்து தொடுவானம் 28 கிலோமீற்றரிலும் அப்பாற் செல்லும். அதே உயரமான இன்னொரு கோபுரம் எதிரே இருப்பின் இரண்டுக்கும் இடையே 56 கிலோமீற்றர் இருக்கலாம்.

லாம்டனின் கோணமானி அரைத் தொன் எடையுள்ளது. இலண்டனிலிருந்து வரும் வழியில் அதனைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொறீசியசுக்குக் கொண்டுசென்றனர். அது அறிவியற் கருவி என்று அறிந்ததும் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தனர். போரின் நடுவே நிகழ்ந்த பண்பான செயல் அது. ஆனால் 1808 இல் தஞ்சைக் கோயிலின் உச்சிக்கு அதனைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு தளர்ந்து, கருவி சுவரில் மோதி, அதன் பெருவட்டம் கோணலாயிற்று. வேறு கருவி வருவிக்க ஆண்டுகள் செல்லும். லாம்டன் தமது தொழிலாளர் சிலரோடு வாரக்கணக்காக உட்கார்ந்து அந்த வட்டத்தைத் தட்டி நிமிர்த்திச் செப்பனிட்டார். பணி தொடர்ந்தது.

லாம்டன் 1823 இல் இறந்தபின் பொறுப்பேற்ற ஜோர்ஜ் எவரெஸ்ட், கங்கைச் சமவெளியில் கோபுரங்கள் இல்லாத இடங்களில் ஐம்பதடி அளவிலான செங்கற் கோபுரங்களைத் தாமே கட்டுவித்தார். குமரிமுனைப் பக்கத்திலிருந்து இமயத்தின் அடிவாரம்வரை ஏறத்தாழ 2,400 கிலோமீற்றர் நீளமான கோடு அவ்வாறு அளக்கப்பட்டது. பூமியின் வடிவத்தை நுணுக்கமாக அறிய உதவிய அளவைகளுள் அது ஒன்று. சோழன் இறைவனுக்கு எழுப்பிய விமானம், கட்டியவர் எண்ணாத ஒரு பயனையும் தந்தது.

மலையில்லா நாட்டின் அடையாளங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மலை கிடையாது. கீரிமலை பெயரில் மட்டுமே மலை. கடலிலிருந்து வருபவனுக்குத் தரை தெரிவதற்கு முன் தெரிவது பனை. 20 மீற்றர் உயரமான பனையின் உச்சியிலிருந்து தொடுவானம் 16 கிலோமீற்றர். படகில் இருப்பவரின் கண் ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருப்பின் அவருக்குரிய தொடுவானம் 4.4 கிலோமீற்றர். இரண்டையும் கூட்டினால் 20 கிலோமீற்றர். அவ்வளவு தூரத்தில், தெளிந்த பகலில், பனந்தோப்பின் தலை மட்டும் ஒரு கருங்கோடாக எழத் தொடங்கும். கரை நெருங்க நெருங்க மரம் கீழ்நோக்கி வளர்வதுபோலத் தோன்றும். மண்ணும் மணலும் இறுதியிலேயே தெரியும்.

கடலோடிகளின் கணக்கில் மிக முக்கியமான விதி இதுதான். காணும் பொருளின் உயரத்துக்குரிய தூரமும், காண்பவரின் உயரத்துக்குரிய தூரமும் கூட்டப்படவேண்டும். வெளிச்சவீடுகள் கட்டப்படுவது இந்த விதியை வைத்தே. காங்கேசன்துறை வெளிச்சவீடு 1893 இலும் பருத்தித்துறை வெளிச்சவீடு 1916 இலும் எழுந்தன. பருத்தித்துறை வெளிச்சவீடு நூறு அடிக்குச் சற்று மேற்பட்டது. நூறடிக்குக் கணக்குப் பார்த்தால் 12 மைல். படகில் எழுந்து நிற்பவரின் மூன்று மைலைக் கூட்டினால் 15 மைல். அந்தத் தூரத்தில் விளக்கு நீர்மட்டத்தில் ஒரு பொறியாகத் தோன்றும். படகில் உள்ளவர் குந்தினால் மறையும், எழுந்தால் மீண்டும் தெரியும். அவ்வாறு விளக்கு எழுவதும் மறைவதுமான கணத்தைக் கொண்டே தாம் எத்தனை மைலில் நிற்கின்றோம் என்று கப்பலோட்டிகள் அறிவர்.

பாய்மரக் கப்பலில் ஆளை மரத்தின் உச்சிக்கு ஏற்றியதும் இதற்காகவே. தளத்தில் மூன்று மீற்றர் உயரத்தில் நிற்பவரின் தொடுவானம் ஆறு கிலோமீற்றர். 20 மீற்றர் மரத்தின் உச்சியில் இருப்பவருக்கு 16 கிலோமீற்றர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனை ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தனர். 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றப்பட்டிருந்த அக்கப்பல், செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் காற்றின் துணையாற் கடந்தது. அத்திலாந்திக்கைக் கடந்த எம்மவர், பார்வைக்கு உயரம் தந்த பாய்மரங்களோடும், எங்கே நிற்கின்றோம் என்று அறிந்த தண்டையலோடும் கடந்த காலம் அது.

நீரிணையின் நடுவே

1983 ஜூலைக்குப் பின் எம்மவர் கடல் கடந்தது வேறு விதமாக. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அன்றுதொட்டுப் பல்லாயிரம் குடும்பங்கள் சிறு படகுகளில் அந்த நீரிணையைக் கடந்து இராமேசுவரம் சென்று, மண்டபம் முகாமில் அடைக்கலம் பெற்றன. பயணம் பெரும்பாலும் இரவில், விளக்கின்றி. கடற்படையின் கண்ணுக்குத் தப்பவேண்டியிருந்தது.

படகில் அமர்ந்திருப்பவரின் கண் நீருக்கு ஒரு மீற்றர் மேலே. அவரைச் சுற்றியுள்ள உலகம் 3.6 கிலோமீற்றர் ஆரையுள்ள ஒரு வட்டம். பகலாயின் நடுக்கடலில் 15 கிலோமீற்றரில் பனையின் தலையாவது தெரியக் கணக்கில் இடமுண்டு. இரவில் அதுவும் இல்லை. விளக்கற்ற கரையும் கடலும் ஒன்றே. படகின் தாழ்வு அவர்களைக் காத்தது, அதே தாழ்வு அவர்களை வழிதவறவும் வைத்தது.

இராமர் பாலத்து மணற்றிட்டுக்களில் இறக்கிவிடப்பட்டவர்களின் நிலை இதனிலும் கொடியது. படகோட்டிகள் சிலர் இந்தியக் கரை இதுவே என்று சொல்லி மக்களை அங்கு இறக்கிவிட்டுச் சென்ற நிகழ்வுகள் பல. 2022 இன் பொருளாதார நெருக்கடிக் காலத்திலும் இவ்வாறு திட்டுக்களில் நின்ற குடும்பங்களை இந்தியக் கரையோரக் காவற்படையினர் மீட்டனர். மணலில் நிற்கும் ஒருவர் நான்கு மீற்றர் உயரமான கம்பில் ஒரு துணியைக் கட்டினால், அதற்குரிய தொடுவானம் 7 கிலோமீற்றர். மீன்பிடிப் படகில் நிற்பவரின் 5 கிலோமீற்றரைக் கூட்டினால் 12. வெறுங்கையோடு நின்றால் 9.5. இத்தூரத்தில் மனித உருவத்தைக் கண் பிரித்தறியாது என்பது வேறு விடயம். ஆயினும் ஒரு கம்பும் ஒரு துணியும் செய்யும் வேறுபாட்டைக் கணக்குக் காட்டுகின்றது.

நியூபவுண்ட்லாந்தின் மூடுபனி

கனடாவில் எமது வரலாற்றைப் பேசும்போது தவறாது கூறப்படும் நிகழ்வு 1986 ஆகஸ்ட் 11. மேற்கு ஜேர்மனியிலிருந்து எம்மவர்களை ஏற்றிவந்த சரக்குக் கப்பல், நியூபவுண்ட்லாந்துக்கு அண்மையில் 155 பேரை இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டுச் சென்றது. சில நாட்கள் அவர்கள் அலைகளில் மிதந்தனர். சென்ற் சொற்ஸ் என்ற சிறு ஊருக்கு அப்பால், மீனவரான கப்டன் கஸ் டால்ரன் தமது படகில் வந்தபோது அவர்களைக் கண்டார். அவர் வானொலியில் அறிவிக்க, வேறு படகுகளும் அரசின் கப்பலும் வந்துசேர்ந்தன. அனைவரும் சென்ற் ஜோன்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பின்னர் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தனர்.

தொடுவானக் கணக்கை அந்த நாளுக்குப் பொருத்திப் பார்ப்போம். உயிர்காப்புப் படகில் நெருக்கி அமர்ந்திருப்பவரின் கண் நீருக்கு ஒரு மீற்றர் மேலே என்று கொண்டால் அவருடைய வட்டம் 3.6 கிலோமீற்றர். ஆயினும் அந்தக் கரை தாழ்வானதன்று. சென்ற் சொற்சுக்கு அருகே கேப் பைன் என்ற முனையில், 1851 இல் நிறுவப்பட்ட இரும்பு வெளிச்சவீடு ஒன்று இன்றும் நிற்கின்றது. அதன் விளக்கு கடல்மட்டத்திலிருந்து 90 மீற்றருக்கும் மேலே. கணக்கின்படி 34 கிலோமீற்றரோடு 3.6 ஐக் கூட்டினால் 37 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தே அவ்விளக்கு தெரியவேண்டும். படகுகள் கண்டெடுக்கப்பட்டதோ கரையிலிருந்து சில மைல்களில்.

தெளிந்த வானமாக இருந்திருந்தால், கரையும் விளக்கும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இல்லாது செய்தது மூடுபனி. குளிர்ந்த லாபிரடோர் நீரோட்டமும் வெப்பமான வளைகுடா நீரோட்டமும் சந்திக்கும் அக்கடல், உலகின் மிகுந்த மூடுபனிப் பிரதேசங்களுள் ஒன்று. பனி இறங்கினால் தொடுவானம் 37 கிலோமீற்றரும் அல்ல, 3.6 கிலோமீற்றரும் அல்ல, சில நூறு யார் மட்டுமே. கரை அருகில் இருந்தும், அது எத்திசையில் என்று தெரியாத நிலை. அந்தச் சில நூறு யாருக்குள் ஒரு மீனவர் வந்ததனாலேயே 155 உயிர்கள் கரை சேர்ந்தன.

2009 இல் 'ஓசன் லேடி' 76 பேரோடும், 2010 இல் 'சன் சீ' 492 பேரோடும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது நிலைமை நேர்மாறானது. அவை கரையை அடைவதற்கு முன்பே கனடிய அதிகாரிகளின் கண்காணிப்பில் இருந்தன. 3,000 மீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து தொடுவானம் 195 கிலோமீற்றர். அவ்வளவு உயர்ந்த கண்ணிலிருந்து எந்தக் கப்பலும் எளிதில் ஒளியாது. 'சன் சீ'யில் வந்தவர்கள் வந்திறங்கியதும் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர், பலர் மாதக்கணக்காக அங்கே இருந்தனர். 1986 இல் காணப்பட்டதால் எம்மவர் உயிர் தப்பினர், 2010 இல் காணப்பட்டவர்கள் முதலிற் சென்றது சிறைக்கு. பார்வை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கணிதம் சொல்லும். பார்த்தவர் என்ன செய்வார் என்பதை அது சொல்லாது.

எழுதி வைக்கவேண்டியவை

எந்தத் திசையில் வந்தால் எந்தக் கோபுரம் முதலில் தெரியும், எத்தனை நாழிகை ஓடினால் பனந்தோப்பு மறையும், வெளிச்சவீட்டு விளக்கு எந்த இடத்தில் அணையும் என்பவற்றை எமது கரையோரக் கிராமங்களின் மூத்தோர் நன்கறிவர். வர்க்கமூலம் அறியாமலே அவர்கள் இக்கணக்கைச் செய்தனர். அந்த அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. போரும் இடப்பெயர்வும் அவர்களை ஸ்காபரோவின் அடுக்குமாடிகளிலும் மார்க்கத்தின் வீடுகளிலும் கொண்டுவந்து இருத்தியுள்ளன. ஆண்டுதோறும் அவர்களிற் சிலரை இழந்து வருகின்றோம்.

பிள்ளைகள் இப்போது கணிதம் அறிந்தவர்கள். பெரியவர் சொல்லும் மரத்தின் உயரத்தையும் படகின் அமைப்பையும் கேட்டு எழுதி, மேற்கூறிய முறையால் மைலைக் கணித்து, அவர் நினைவிலுள்ள தூரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் பொருந்துமிடத்தில் எமது கடலின் வரைபடத்தில் ஒரு புள்ளி உறுதியாகும். பொருந்தாத இடத்தில் மீண்டும் ஒருமுறை கேட்கலாம். ஒரு குறிப்பேடும், ஒரு பிற்பகலும், பொறுமையாகக் கேட்கும் ஒருவரும் இருந்தாற் போதும். 1986 இலும் அதன் முன்னும் பின்னும் படகில் வந்தவர்களின் கதைகளையும் அதே ஏட்டில், நாளும் இடமும் குறித்து, அவர்கள் விரும்பும் அளவுக்கு எழுதி வைப்போமாக.